புதுக்கிய அரணும் சிதைந்த அரணும்

ஐரோப்பிய இடைக்கால அரண்களைப் பற்றி நம் மாணவர் அறிவன பெரும்பாலும் படங்களின் வாயிலாக அறிந்தனவேயாம். அப்படங்களில் கூர்ங்கூரைக் கோபுரங்களும் சூழ்மதில்களும் குறைவற விளங்கும். அந்நிறைவில் இடைக்காலத்தது எவ்வளவு, 19ஆம் நூற்றாண்டினது எவ்வளவு என்னும் வினாவை எழுப்புவார் சிலரே. அவ்வினாவை ஆராய்தற்கு வடபிரான்சிலுள்ள பியேர்ஃபோன், கூசி என்னும் ஈரரண்கள் மிகவும் ஏற்றன. 1400ஆம் ஆண்டளவில் இரண்டும் ஆர்லேயான் கோமகன் லூயி என்பான் ஒருவன் கையில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் இரண்டும் வியோலே-லெ-துக் என்னும் ஒரே கட்டடக் கலைஞரின் கைக்கு வந்தன. இன்று பியேர்ஃபோன் முழுமையாக நிற்கின்றது; கூசியோ பெரும்பகுதி கற்குவியலாகக் கிடக்கின்றது. எனினும் இடைக்காலத்தை ஆராய்வார்க்கு இவற்றுள் எது மிகுதியும் பயன்படும் என வினவின், விடை கண்ணுக்குத் தோன்றுவதற்கு மாறாகவே அமையும்.

பியேர்ஃபோன் அரணை லூயி 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பத் தொடங்கினான். 1407இல் அவன் பாரிசு நகரில் கொலையுண்டான். பின்னர் அரசனை எதிர்த்த பிரபுக்களின் கட்சியைச் சார்ந்தமையால் அவ்வரண் 1617இல் முற்றுகைக்கு உள்ளாயிற்று; கூரைகள் அழிக்கப்பெற்றன; கோபுரங்களும் மதில்களும் மேலிருந்து பிளக்கப்பெற்றன. அந்நிலையில் அது இருநூற்றாண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1857இல் மூன்றாம் நெப்போலியன் பணித்தபடி வியோலே-லெ-துக் பணியை மேற்கொண்டார். தலைமைக் கோபுரத்தை மட்டும் உறைவிடமாக்கி, ஏனையவற்றைச் சிதைவாகவே விடுவது முதற்கருத்து. 1861இல் அக்கருத்து மாறியது. அரண் முழுவதையும் பேரரசனின் மாளிகையாக்கத் துணிந்தனர். 1870இல் பேரரசு வீழ்ந்தது. 1879இல் கலைஞரும் மறைந்தார். அவர்தம் மருமகர் ஊராடு தொடர்ந்த பணி 1885இல் நின்றது. உள் அலங்காரங்கள் முற்றுப்பெறவில்லை.

இங்ஙனம் எழுந்த மாளிகையில் வீரமகளிர் ஒன்பதின்மரின் சிலைகள் நிற்கும் பெருமண்டபம் ஒன்றுண்டு. அவற்றின் முகங்கள் பேரரசி யூசேனியும் அவள் தோழியரும் ஆகியோருடையன. திருக்கோயில் வாயிலில் நிற்கும் யாக்கோபு அடியாரின் முகமோ வியோலே-லெ-துக்கின் முகமே! பிரித்தானியத் தொலைக்காட்சியின் 'மெர்லின்' தொடர் (2008–2012) இவ்வரணையே ஆர்தர் மன்னனின் கேமலட்டாகக் காட்டியது. என்றும் இருந்திராத தலைநகர்க்கு இதனினும் பொருத்தமான இடம் கிடைத்தல் அரிது.

இக்கலைஞர் தம் கொள்கையை மறைத்தவரல்லர். 1854 முதல் 1868 வரை பத்துத் தொகுதிகளாக அவர் வெளியிட்ட கட்டடக்கலை அகராதியில், புதுக்குதல் என்பது வெறும் பழுதுபார்த்தலன்று, எக்காலத்தும் இருந்திராத நிறைநிலையும் அதன் பயனாக விளையலாம் என்று வெளிப்படையாகவே உடன்படுகின்றார். ஆங்கில அறிஞர் ரஸ்கின் 1849இலேயே இத்தகைய பணியைப் பொய்ம்மை எனக் கடிந்திருந்தார். வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தைத் தோற்றுவித்ததும் இவ்வெதிர்ப்பின் வழியேயாம். ஆயினும் ரஸ்கினின் கண்டனம் அறம் பற்றியது. அது வலிமையுடையதே எனினும் போதுமானதன்று. நல்லெண்ணத்தோடும் பேரறிவோடும் செய்யப்பெற்ற புதுக்குதலும் உண்டன்றோ? வியோலே-லெ-துக்கின் அறிவை ஐயுறுவார் இலர். குற்றம் அறிவின் குறையன்று, சான்றை ஆண்ட முறையில் உள்ளது என்பதே நம் கருத்து.

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இது எளிதின் விளங்கும். புறநானூற்றில் 267, 268ஆம் எண்களுக்குப் பாடல் கிடைத்திலது. பதிப்பாசிரியர் அவ்விடத்தை வெறுமையாகவே விட்டனர். சொற்கள் சிதைந்த அடிகளில் புள்ளியிட்டனர். புலமை மிக்க ஒருவர் அப்புள்ளிகளைத் தம் சொற்களால் நிரப்பி, நிரப்பியதைக் குறிப்பிடாது அச்சிட்டு, மூல ஏட்டையும் எரித்துவிடின் என்னாம்? அவர் சொல் பொருந்துவதே ஆயினும், அதனைத் திருத்துதற்கு உரிய வழி பின்வருவார்க்கு இல்லாது போம். பியேர்ஃபோனில் நிகழ்ந்தது இதனோடு ஒத்ததே. ஊகம் கல்லாக எழுந்தபோது, ஊகத்தைச் சோதித்தற்குரிய சிதைவு அதனுள் மறைந்தது. அன்றியும் 1617இன் பிளவுகள் தாமே வரலாறு. பிரபுக்களின் அரண்களை அரசாட்சி எவ்வாறு அடக்கிற்று என்பதற்கு அவை கண்கூடான சான்று. அவற்றைத் தூர்த்தமையால் ஒரு காலத்தை மீட்பதற்காக மற்றொரு காலம் இழக்கப்பெற்றது.

இனிக் கூசியை நோக்குவோம். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூன்றாம் ஆங்கேரான் எழுப்பிய அதன் தலைமைக் கோபுரம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமும் 30 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் உடையதாய் இருந்தது. 1652இல் மசரேனின் ஆணையால் அரண் சிதைக்கப்பெற்றபோதும், 1692இல் நிலநடுக்கத்தால் பிளவுற்றபோதும் அக்கோபுரம் வீழ்ந்திலது. வியோலே-லெ-துக் இங்கு இரும்பு வளையங்களிட்டுக் கட்டி நிறுத்தியதோடு அமைந்தார். தம் ஊகங்களையோ அகராதியின் படங்களிலே தீட்டினார். 1917 மார்ச்சில் பின்வாங்கிய செருமானியப் படை 28 டன் வெடிமருந்தால் அத்தலைமைக் கோபுரத்தையும் சூழ்ந்திருந்த நாற்கோபுரங்களையும் தகர்த்தது. போர் முடிந்தபின் அதனை மீளக் கட்டாது, அழிவின் நினைவாகவே விட்டனர். கோபுரம் போயிற்று, படங்கள் உள. அவற்றில் அவர் கண்டதும் கருதியதும் கலந்திருத்தல் கூடும். எனினும் பழைய ஒளிப்படங்களோடும் எஞ்சிய அடிச்சுவர்களோடும் ஒப்பிட்டு அவற்றை இன்றும் பிரித்தறியலாம். ஒரே மனிதரின் ஒரே ஊகத்திறன் தாளில் ஆய்வுக்கு ஊதியமாயிற்று, கல்லில் இழப்பாயிற்று.

அவர்பால் நடுவுநிலை வழுவுதல் தகாது. தென்பிரான்சின் கார்கசோன் கோட்டை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இடித்து விற்கப்படும் நிலையில் இருந்தது. மெரிமே முதலியோரின் முயற்சியாலும், 1853 முதல் இவர் செய்த பணியாலும் அது பிழைத்தது. 1997இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கு அவர் வேய்ந்த கரும்பலகைக் கல்லாலான கூம்புக் கூரைகள் வடபுலத்தன, தெற்கின் மரபுக்கு ஒவ்வாதன என்ற கண்டனம் எழுந்தது. 20ஆம் நூற்றாண்டில் சில கோபுரங்களில் அவை நீக்கப்பெற்று ஓட்டுக்கூரை இடப்பெற்றது. திருத்தம் இயன்றது, மாற்றம் கூரையளவில் நின்றமையாலன்றோ? ஊகம் தொடங்கும் இடத்தில் பணி நிற்றல் வேண்டும் என்று 1964இன் வெனிசுச் சாசனம் வரையறுத்ததும் இந்நூற்றாண்டுப் பட்டறிவின் பயனே.

ஊகத்தைக் கல்லிற் செய்தே தீரவேண்டும் என்பார்க்கும் ஒரு நெறி உண்டு. பர்கண்டிப் பகுதியில் கெதலோன் என்னுமிடத்தில் 1997 முதல் 13ஆம் நூற்றாண்டு முறையில், பழங்கருவிகளைக் கொண்டே புதிய அரண் ஒன்று கட்டப்பெற்று வருகின்றது. கைவிடப்பெற்ற கற்சுரங்கம் ஒன்றே அதன் களம். அங்குப் பிழை நேரினும் எப்பழஞ்சுவரும் கெடுவதில்லை.

பியேர்ஃபோனைப் பற்றி எழுதப் புகும் ஆய்வாளர் இன்று நிற்கும் சுவர்களிலிருந்து தொடங்குதல் பிழையாம். 1857க்கு முற்பட்ட வரைபடங்கள், சிதைவைக் கண்டு கொரோ தீட்டிய ஓவியங்கள், பணிக்காலத்து ஆவணங்கள் ஆகியவற்றைக் கொண்டு கோபுரந்தோறும் பழையதையும் புதியதையும் வேறுபிரித்துக் குறித்தலே முதற்பணியாதல் வேண்டும்.