தேடுபெட்டியில் தொலைந்த நீலகேசி

நீலகேசி பற்றிய ஆய்வேடு ஒன்றை அண்மையில் படிக்க நேர்ந்தது. உழைப்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் முன்னுரையில் ஒரு வரி உறுத்தியது. கல்லூரி நூலகத்தின் இணையத் தரவுத்தளங்களில் தேடியும் இந்நூல் பற்றி ஆங்கிலத்தில் எதுவும் அகப்படவில்லையாம். ஆகவே ஆய்வே நடக்கவில்லையாம்! பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-இல் சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு நீலகேசியைப் பதிப்பித்து, ஆங்கிலத்திலேயே நீண்ட முன்னுரையும் எழுதினாரே, அது என்னவாயிற்று? அது புத்தகம், கட்டுரைகளுக்கான தளத்தில் எப்படி வரும்?

கருவியைக் குறை சொல்ல வரவில்லை. அதைக் கேட்கிற விதத்தைத்தான் சொல்கிறேன். துவரம்பருப்பை வடக்கே ஒருவர் தூர் என்பார், இன்னொருவர் அர்ஹர் என்பார். ஒரு பெயர் மட்டும் தெரிந்த கடைப்பையன் சரக்கை வைத்துக்கொண்டே இல்லை என்பான். நம்ம நூற்பெயர்கள் கதையும் அதுதான். நீலகேசியை ஆங்கில எழுத்தில் தட்டும்போது 'நீ'க்கு நாம் இரண்டு 'ஈ' போடுகிறோம்; ஆய்வாளர்கள் ஒரே 'ஐ' போட்டு மேலே கோடிடுகிறார்கள். 'சி'க்கு நாம் போடுவது 'எஸ்'. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையிலோ ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்து. கழுகுமலையில் வரும் 'ழ' படும் பாடு இன்னும் மோசம். 'இசட்-எச்' போடுவார் உண்டு, வெறும் 'எல்' போடுவார் உண்டு, அடிக்கோடிட்ட 'எல்'லும் உண்டு. இத்தனையையும் நடுவில் 'ஆர்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் போட்டு ஒரே தேடலில் கேட்கலாம். பல தளங்கள் இதற்கு இடம் தருகின்றன. சொல்லித்தரத்தான் ஆளில்லை.

தலைப்பில் மட்டும் தேடுவது அடுத்த வினை. 2004-இல் ஆன் மோனியஸ் இந்தியத் தத்துவ ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, சீவக சிந்தாமணியையும் பெரியபுராணத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது. அதன் தலைப்பில் காதல், வன்முறை, அருவருப்பு எல்லாம் உண்டு. சைவர், சமணர் உண்டு. நூற்பெயர் இரண்டில் ஒன்றுகூட இல்லை. கட்டுரையின் உள்ளேயும் தேடினால்தான் அது அகப்படும். குண்டலகேசி என்று போட்டுப் பார்ப்பதும் நல்லது. அந்த பௌத்த நூலுக்கு மறுப்பாக எழுந்ததுதானே நீலகேசி? ஒன்றைப் பேசுகிறவர் மற்றதைத் தொடாமல் போவது அரிது.

தமிழிலேயே எழுதப்பட்டதை வெளிநாட்டுத் தளங்களில் தேடிப் பயனில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' 1902 முதல் வந்த இதழ். அத்தகைய பழைய இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையோ சென்னை ரோஜா முத்தையா நூலகத்தையோதான் நாட வேண்டும். பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' இருக்கிறது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு. கடையை மூடிவிட்டு ராத்திரியில் படிக்கிற என் போன்றோருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை, போகட்டும். கதவு திறந்திருக்கிற பிள்ளைகள் 'கிடைக்கவில்லை' என்று எழுதும்போது, எந்தத் தளத்தில், எந்த எழுத்துக்கூட்டலில், எந்தத் தேதியில் தேடினார்கள் என்பதையும் அடிக்குறிப்பில் எழுத வேண்டும். நெறியாளர்கள் அதைக் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.