தில்குஷா: கட்டடப் பாணியும் பெயர்ச் சிக்கலும்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டை ஒட்டிச் செல்லும் அரவிந்தர் சாலை தெற்கே மெஹ்ரௌலியை அடைகிறது. அங்குள்ள தொல்லியல் பூங்காவில், அக்பரின் தளபதி ஆதம் கானின் சகோதரர் முகம்மது குலி கானின் அடக்கக் கட்டடம் உள்ளது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதனை, முகலாய அரசவையில் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த சர் தாமஸ் மெட்காஃப் 1840களில் தம் ஓய்வில்லமாக மாற்றினார். இக்கட்டடத்தைத் தமிழில் எவ்வாறு வருணிப்பது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

இத்தகைய கட்டடங்களை 'இந்தோ-சாரசனிக்' என ஒரே சொல்லில் அடக்கிவிடும் போக்குத் தமிழ் நூல்களில் உண்டு. இது பொருந்தாது. அப்பெயர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் இந்திய வடிவங்களைப் பின்பற்றிப் புதிதாக எழுப்பியவற்றைக் குறிப்பது. சிஸம் கட்டிய சென்னை செனட் இல்லம் (1879) அதற்குச் சான்று. தில்குஷாவிலோ குவிமாடமும் எண்கோணச் சுவரும் போலச் செய்தவை அல்ல, மூலமே அவைதாம். மெட்காஃப் அவற்றைச் சுற்றி அறைகளைச் சேர்த்தார். அவ்வறைகள் பெரிதும் அழிந்தன; மூலம் நிற்கிறது.

'கலப்புப் பாணி' என்னும் தொடரும் குறையுடையதே. எது முந்தியது, எது பிந்தியது என்பதை அது மறைத்துவிடுகிறது. 'கல்லறை' என்றால் தமிழர் மனத்தில் தோன்றுவது சிறு சமாதியே. 'தர்கா' என்றால் இறைநேசர் அடக்கத்தலம். 'மக்பரா' இவ்விரண்டும் அன்று. 'பங்களா' என மட்டும் எழுதினால் அடங்கியிருப்பவர் மறைந்துபோகிறார்.

பெயரும் நோக்கத்தக்கது. 'தில்' நெஞ்சு, 'குஷா' திறப்பது. ஆங்கிலேயர் தம் இல்லத்திற்குப் பாரசீகப் பெயரிட்டார். யமுனைக் கரையில் இருந்த அவருடைய மற்றொரு மாளிகையையோ தில்லி மக்கள் 'மட்கா கோட்டி' என்றனர். மெட்காஃப் என்னும் பெயரின் ஒலி, 'பானை' என்னும் பொருளுடைய 'மட்கா'வாகத் திரிந்தது. முன்னது உடையவர் தெரிந்தெடுத்த சொல். பின்னது மக்களின் செவி வழங்கிய சொல்.

எனவே, ஒற்றைச் சொல்லைத் தேடுவதைவிட, 'இல்லமாக மாற்றப்பட்ட முகலாய மக்பரா' என வரலாற்று வரிசை புலப்பட எழுதுவதே தக்கது. சொல் நீளினும் அடங்கியவரும் குடியேறியவரும் அவரவர் இடத்தில் நிற்பர்.