எத்தனை மணி உழைத்தது என்று கேளுங்கள்

ஹேவாஹெட்டவில் சீமெந்துத் தரை வீட்டுக்குத் தும்புத்தடியே போதும். டைல்ஸ், கம்பளம், குஷன் கதிரை என்று வந்துவிட்ட வீட்டுக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளை வளரும் வீட்டுக்கும் அது போதாது. கூட்டும்போது கிளம்பும் தூசு திரும்பவும் படுக்கையில்தான் படிகிறது. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து திரும்பிய பெண்களுக்கு வெக்யூம் கிளீனரின் அருமை நன்றாகத் தெரியும். ஆனால் 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறிய பிறகு, புதியது பலருக்கு எட்டாத பொருளாகிவிட்டது. தலாத்துஓயா வழியே கண்டிக்குப் போய்ப் பாவித்ததை அல்லது ரீகண்டிஷன் செய்ததை வாங்குகிறோம். இந்த வழக்கம் சரிதானா?

அடிப்படையில் சரியே. இது சிக்கலில்லாத இயந்திரம்: மோட்டர், காற்றாடி, பை, வடிகட்டி, குழாய். முதலில் தேய்வது மோட்டருக்குள் இருக்கும் காபன் பிரஷ், பிறகு பெயாரிங். இரண்டையும் மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் மோட்டர் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று விதித்தது. வாரம் அரை மணி ஓடும் வீட்டில் அது 19 வருடத்துக்குக் கிட்டப் போகும். விடுதியில் தினமும் ஒரு மணி ஓடினால் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே பத்து வருடப் பழைய வீட்டு இயந்திரம், இரண்டு வருட விடுதி இயந்திரத்தைவிட இளமையானதாக இருக்கலாம். நாம் கேட்பதோ வருடத்தையும் பளபளப்பையும்தான். வழக்கத்தின் முதல் குறை இது.

அடுத்த குறை வொட்ஸ் மோகம். வொட்ஸ் என்பது இயந்திரம் குடிக்கும் மின்சாரம். அது இழுக்கும் தூசின் அளவல்ல. அதே 2017இல் ஐரோப்பா 900 வொட்ஸுக்கு மேற்பட்டவற்றைச் சந்தையில் விட மறுத்தது. 1600 வொட்ஸ் இயந்திரம் அரை மணியில் 0.8 அலகு எடுக்கும். பில் கட்டுவது நாம்தான்.

மூன்றாவது, யப்பான் பொருள் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. தரம் உண்மை. ஆனால் அங்கே 100 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் மோட்டர் கருகும். 1000 வொட்ஸ் இயந்திரத்துக்கு அதைத் தாங்கும் பாரமான டிரான்ஸ்போமர் வேண்டும். அதன் விலையைக் கூட்டினால் மலிவு மறைந்துவிடும்.

மலைநாட்டு ஈரமும் கணக்கில் வர வேண்டும். மூலையில் கிடந்த இயந்திரத்தின் பையிலும் வடிகட்டியிலும் பூஞ்சணம் பிடிக்கும், பெயாரிங் துருப்பிடிக்கும். ஓடவிட்டு மணத்தையும் இரைச்சலையும் கவனியுங்கள், குழாய் வாயை உள்ளங்கையால் மூடி இழுவையைப் பாருங்கள், வெடிப்பைத் தேடுங்கள்.

புதியதிலும் பெயர் தெரியாத மலிவுச் சரக்குக்குப் பையும் வடிகட்டியும் கிடைக்காவிட்டால், உத்தரவாதம் முடியும் நாளே அதன் ஆயுளும் முடியும்.

என் முடிவு இதுதான். ஆஸ்துமா உள்ள வீட்டுக்குக் காற்று கசியாத ஹெபா வடிகட்டி உள்ள புதியதே நல்லது. மூடியின் ரப்பர் இறுகிப்போன பழையதில் நுண்தூசு தப்பிவிடும். மற்ற வீடுகளுக்கு, கண்டியில் உதிரிப்பாகம் கிடைக்கும் 230 வோல்ட் வீட்டுப் பாவனை இயந்திரம், காபன் பிரஷும் பெயாரிங்கும் மாற்றியது, போதும். எதை மாற்றினார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். கேட்டால் ரசீது கொடுப்பது வியாபாரியின் கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.