மரக்கறி லொறியில் வந்த பைனஸ்

நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வந்த லொறியில், சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்து வந்தது அந்தப் போன்சாய். எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் ஆசைப்பட்டு வருவித்த மரம். ஒரு முழ உயரம், முறுக்கிய தண்டு, நாலு விரல் ஆழம்கூட இல்லாத நீள்சதுரச் சட்டி. பங்குனியில் வந்த மரம் ஆடி பிறக்குமுன் மஞ்சளாகிவிட்டது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தே தீரவேண்டும். பைனஸ் விடயத்தில் பிழையான வைத்தியம் நோயைவிட வேகமாகக் கொல்லும்.

முதலில் இது எந்தப் பைனஸ்? ஊசிகளை எண்ணினால் தெரியும். நம் மலைச்சரிவுகளில் காடாக நட்டிருக்கும் கரிபியன் பைனஸுக்கு ஊசிகள் பெரும்பாலும் மும்மூன்றாக, ஒரு சாண் நீளத்துக்கு வரும். ஜப்பானிய வெள்ளைப் பைனஸுக்கு ஐந்தைந்து. இந்த மரத்தில் இரண்டிரண்டாக, விறைத்த குட்டை ஊசிகள்: ஜப்பானியக் கரும்பைனஸ். இந்த அடையாளம் பின்னால் தீர்ப்பையே மாற்றப் போகிறது.

“தண்ணி பத்தலபோல அண்ணே” என்றார் வியாபாரி. கச்சான் காற்று வீசும் காலத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவர் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் ஊற்றியிருக்கிறார். மண்ணுக்குள் விரலை விட்டேன். அந்தி நேரத்திலும் சேறு. தாகம் என்று அவர் கண்டது பிழையல்ல, மரம் தாகத்தில்தான் நின்றது. ஆனால் குடிக்க வேர் இல்லாத தாகம் அது. ஊற்ற ஊற்றக் கூடும்.

இரண்டாவது, சிலந்திப் பேன். வெயிலும் காய்ந்த காற்றும் அதற்கு வாய்ப்பான காலம், ஆகையால் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கிளைக்குக் கீழே வெள்ளைத் தாள் பிடித்துத் தட்டினேன். ஊர்ந்த புள்ளிகள் ஐந்தாறுதான். ஒரு மரத்தை இந்த நிலைக்குக் கொண்டுவரும் கூட்டம் அதுவல்ல.

மூன்றாவது, பங்கசு நோய். உரக்கடையில் சொன்னார்கள் என்று வியாபாரி பங்கசுநாசினியைக் கலக்கி மண்ணிலேயே ஊற்றியும் விட்டார். ஊசியைப் பிடிக்கும் பங்கசு புள்ளியாகவோ பட்டையாகவோ தடம் வைக்கும். இங்கே தடமில்லை, ஊசி முழுதும் ஒரே சீராக வெளிறியிருந்தது. உட்பக்கத்துப் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிர்வது பைனஸுக்கு இயல்பு. ஆனால் மெழுகுதிரிபோல் நிமிரவேண்டிய இளந்தளிரும் இங்கே வெளிறிக் கிடந்தது. அந்த மருந்தால் இன்னொரு தீங்கும் உண்டு. பைனஸின் வேரோடு ஒட்டி வாழும் நல்ல பங்கசு இல்லாவிட்டால் அந்த மரத்துக்கு வாழ்வில்லை. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பைனஸ் நாற்றுகள் நெடுங்காலம் தேறாமலே போயின. வெளியிலிருந்து பைனஸ் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் பிடித்தன. பகை எது, உறவு எது என்று பாராமல் மண்ணில் மருந்து ஊற்றுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

சட்டியிலிருந்து மெதுவாக மரத்தைத் தூக்கியபோது விடை கிடைத்தது. அடிவேர்கள் கறுத்திருந்தன. பிடித்து இழுத்தால் தோல் உறைபோலக் கழன்றது. தேங்கிய வாய்க்கால் நாற்றம். மேலே மண் குறைந்துவிட்டதென்று நம்மூர்ச் செம்மண்ணை அள்ளி நிரப்பியிருக்கிறார் வியாபாரி. ஈரத்தில் களியாகி, காய்ந்தால் கல்லாகும் மண். சட்டிக்கு அடியில் நீர் தேங்கி நிற்கும் படலத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்துகளின் பருமன், சட்டியின் ஆழம் அல்ல. ஆழச் சட்டியில் அந்தப் படலம் அடியோடு கிடக்கும். நாலு விரல் சட்டியில் பொடிமண்ணை இட்டால் பாதிச் சட்டி எப்போதும் மூழ்கியே இருக்கும். வெயில் ஏறச் சூடான நீரில் ஒட்சிசன் குறைகிறது, அதே சூட்டில் வேரின் மூச்சுத் தேவையோ கூடுகிறது. மரம் மூச்சுத் திணறித்தான் நோயுற்றது.

இனி வைத்தியம். மண்ணை முழுக்கக் கழுவிப் புதுமண் இடுவோம் என்றார். கூடாது, வெறுவேராக்கிய நோயாளிப் பைனஸ் பிழைப்பது அரிது. அழுகியதை மட்டும் வெட்டி, ஒரு பக்கத்து மண்ணை மாத்திரம் எடுத்து, தூசி சலித்த உடைத்த ஓட்டுத் துண்டும் கருங்கல் சல்லியும் இட்டோம். மறுபக்கம் அடுத்த ஆண்டுக்கு. உரம் வேண்டாம், வேர் இல்லாதவனுக்கு விருந்து எதற்கு? ஊசியையும் வெட்டவேண்டாம், ஊசி முற்றாக உதிர்ந்த கிளையில் பைனஸ் மறுபடி துளிர்ப்பது அரிது. சட்டியின் ஒரு முனைக்குக் கீழே செங்கல் துண்டு வைத்துச் சரித்தோம். நீர் ஒரு மூலைக்கு ஒதுங்க மற்ற வேர்கள் மூச்சுவிடும். காலை வெயில் மட்டும், பிறகு நிழல் வலை.

ஆறு வாரத்தில் இரண்டு தளிர் நிமிர்ந்தது. அதை வெற்றி என்று எழுத எனக்கு மனமில்லை. பச்சையாக நிற்பதை நம்பமுடியாத மரம் பைனஸ். வேர் செத்தபின்னும் வாரக்கணக்கில் பச்சை காட்டும். அதோடு, வேரழுகல் உடனடிக் காரணம்தான்; மூலகாரணம் மரம் வந்து நிற்கும் ஊர்.

பைனஸே மெலிந்த மரம் என்பார்கள். ஹிரோஷிமாவில் யமாகி குடும்பம் வளர்த்த வெள்ளைப் பைனஸ் ஒன்று 1625 முதல் போன்சாயாகப் பழக்கப்பட்டது. 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றரில் நின்று தப்பியது. 1976 இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போய், வொஷிங்டனிலும் தழைத்தது. கண்டம் மாறியும் அதற்குப் பனிக்காலம் மாறவில்லை. ஹிரோஷிமாவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். தம்புள்ளையில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை, குளிரும் இல்லை. இந்த மரம் உறங்குவதற்கு இங்கே இரவே வராது.

வந்தேறி மரம் என்பதால் இதைச் சொல்லவில்லை. ஆபிரிக்காவிலிருந்து வந்த புளி நம் வரண்ட வலயத்தில் நம்மவராகவே நிற்கிறது. கரிபியன் பைனஸும் வெப்பநாட்டு மரம்தான். தம்புள்ளைச் சட்டியில் அது உயிரோடு இருக்கக்கூடும். ஆனால் சாண் நீள ஊசியை வைத்துக்கொண்டு ஒரு முழ மரத்தில் முதுமரத் தோற்றம் காட்டுவது எப்படி?

இதே ஊரில், கண்டலமப் பாதையோரம், 1963 இல் சாம் பொப்பம் என்ற ஆங்கிலேயர் பற்றைக் காட்டை வாங்கி மரக்கன்றுகள் நட்டார். பெரும்பாலும் பட்டுப்போயின. பிறகு, பற்றைக்குள் தானாக முளைத்து நின்ற கன்றுகளைச் சுற்றி வெளிசெய்து கொடுத்தார். காடு எழுந்தது. ‘தம்புள்ளை முறை’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. காட்டுக்குப் பொருந்துவது சட்டிக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை; சட்டி மனிதன் கட்டிய சிறு உலகம். ஆனால் அந்த உலகத்துக்குள்ளும் வெயிலையும் இரவையும் ஊர்தான் தருகிறது. பாலை, வீரை, புளி ஆகியவை ஆடிக் காய்ச்சலைத் தாங்கி ஐப்பசி மழையில் துளிர்க்கத் தெரிந்தவை.

ஆகவே என் தீர்ப்பு: வைத்தியம் சரி, வைத்திருப்பது பிழை. மரம் 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவுக்கே திரும்பவேண்டும். அங்கேயும் ஜப்பானின் பனிக்காலம் இல்லைதான், ஆனால் தை மாசியில் உறைபனி விழும் ஊர். வியாபாரி இன்னும் சம்மதிக்கவில்லை. இரண்டு தளிரைக் காட்டிக் காட்டி நிற்கிறார். வாடை மழை தொடங்கிவிட்டால் சட்டி மறுபடி ஊறும். அதற்குமுன், மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாக மலையேறும் லொறி ஒன்றில் அதே முன் ஆசனத்தில் அதை ஏற்றிவிடவேண்டும்.