மறுக்கத் தெரிந்த நாயகி: ஜேன் ஆஸ்டினை விளையாட்டாக்கியவர்கள்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை நகர்த்துபவை எலிசபெத் பென்னட்டின் மூன்று மறுப்புகள். தந்தையின் வீட்டுக்கு அடுத்த வாரிசான காலின்ஸ் பெண் கேட்கிறார், மறுக்கிறாள். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானமுள்ள டார்சி கேட்கிறான், அவனையும் மறுக்கிறாள். டார்சியை மணப்பதில்லை என்று வாக்குக் கொடு என அவனுடைய பெரியம்மா லேடி கேத்தரின் வந்து மிரட்டும்போது, அந்த வாக்கையும் தர மறுக்கிறாள். இந்த மூன்றாவது மறுப்பு காதில் விழுந்த பிறகுதான் டார்சிக்கு மறுபடியும் கேட்கத் துணிவு வருகிறது. கதையின் முதல் உரசலும்கூட ஒரு மறுப்புதான்: மெரிடன் நடன அரங்கில் எலிசபெத்தோடு ஆட டார்சிக்கு மனமில்லை.

கணினியில் காதல் விளையாட்டு வளர்ந்த பாதை இதற்கு நேர் எதிரானது. ஜப்பானில் 1994இல் கொனாமி வெளியிட்ட 'டோக்கிமெகி மெமோரியல்', அதே ஆண்டு கோயி நிறுவனம் பெண் ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த 'ஆஞ்சலீக்' ஆகிய இரண்டும் ஒரு வார்ப்பை நிலைநிறுத்தின. பல துணைகளில் ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்ல வேண்டும். அன்பின் அளவு ஏற ஏற முடிவு நெருங்கும். இசைந்து போகிறவருக்கே வெற்றி. இந்த வார்ப்பில் எலிசபெத்தை ஊற்றினால் டார்சியின் மனம் குளிரும் பதில்களைத் தேடித் தேடிச் சொல்லும் பெண் ஒருத்தி கிடைப்பாள். அந்த வேலையைச் செய்து தோற்கிறவளை நாவலிலேயே ஆஸ்டின் வைத்திருக்கிறார். அவள் பெயர் கேரலைன் பிங்லி.

ஆகவே ஆஸ்டினின் ரீஜென்சிக் கால நாவல் ஒன்றை ஊடாடும் காதல் விளையாட்டாக்க முனைகிறவர்கள் எல்லாருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: மறுப்பை எப்படி ஆட்டமாக்குவது? கடந்த சில பத்தாண்டுகளில் வந்த முயற்சிகளை இந்தக் கேள்வியை வைத்தே அளந்து பார்க்கலாம்.

தாளில் தொடங்கியது

எம்மா கேம்ப்பெல் வெப்ஸ்டர் 2007இல் வெளியிட்ட 'லாஸ்ட் இன் ஆஸ்டின்' ஓர் அச்சுப் புத்தகம். வாசகரே எலிசபெத். பத்தி முடிவில் தரப்படும் தெரிவுக்கு ஏற்பப் பக்கம் தாவ வேண்டும். அறிவு, தன்னம்பிக்கை, செல்வம், தொடர்புகள் என்று பல தலைப்புகளில் மதிப்பெண் கூடும், குறையும். தவறான திருப்பத்தில் போனால் ஆஸ்டினின் வேறொரு நாவலுக்குள் விழுந்து, அங்கிருக்கும் ஆணிடம் மனத்தைப் பறிகொடுக்கவும் நேரும். புத்தகம் முழுதும் கிண்டல் ததும்புகிறது. ஆனால் அதன் இலக்கு கறாரானது: காதலுக்காகவும் மணக்க வேண்டும், விவேகத்தோடும் மணக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் தோல்வி.

எரிகா ஸ்வானோ வடிவமைத்த 'மேரியிங் மிஸ்டர் டார்சி' சீட்டாட்டம் இன்னும் சுவையான இடத்துக்குப் போனது. எலிசபெத், ஜேன், சார்லட், கேரலைன் என நாவலின் பெண்களில் ஒருத்தியை ஆளுக்கொருவர் எடுத்துக்கொள்கிறார்கள். நகைத்திறன், அழகு, நற்பெயர் போன்ற குணச் சீட்டுகளைச் சேர்க்கிறார்கள். கடைசிக் கட்டத்தில், தகுதி பெற்ற ஆண்கள் பெண் கேட்பார்களா என்பதைப் பகடை சொல்லும். கேட்டவரை மறுத்துவிட்டு அடுத்தவருக்காகக் காத்திருக்கலாம். அவர் கேட்காமலும் போகலாம். அப்படிப் போனால் கல்யாணமாகாத முதுகன்னியாக ஆட்டம் முடியும். மறுப்புக்கு இங்கே ஒரு விலை இருக்கிறது. எலிசபெத்தின் தோழி, இருபத்தேழு வயது சார்லட் லூக்கஸ் காலின்ஸுக்கு ஏன் சம்மதித்தாள் என்பது மேசையில் பகடையை உருட்டும் அந்த நொடியில் விளங்கிவிடுகிறது. திறனாய்வுக் கட்டுரைகள் பல பக்கம் எடுத்துச் சொல்வதை ஓர் ஆட்டவிதி இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடுவது அபூர்வம்.

திரைக்கு வந்தபோது

ரிஃப்ளெக்ஸிவ் எண்டர்டெயின்மென்ட் உருவாக்கிய 'மேட்சஸ் அண்ட் மேட்ரிமனி' 2010களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஜப்பானிய வார்ப்பை ஆஸ்டினுக்கு நேரடியாகப் பொருத்திய முயற்சி இது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி', 'பெர்சுவேஷன்' மூன்றின் ஆண்களும் ஒரே கதைக்குள் உலவுகிறார்கள். பூத்தையல், வாசிப்பு, நடை எனப் பொழுதைப் பங்கிட்டுக் குணங்களை வளர்க்க வேண்டும். யாருக்கு எது போதுமோ அந்த அளவு எட்டினால் அந்தக் கதவு திறக்கும். ஆஸ்டின் விசிறிகளுக்கு விருந்துதான். ஆனால் குணம் என்பது பயிற்சியால் கூட்டக்கூடிய எண்ணிக்கை என்றாகிவிட்டால், தன் கணிப்பே பிழை என்று எலிசபெத் உணரும் தருணத்துக்கு அந்தக் கணக்கில் இடம் கிடைப்பதில்லை.

எதிர்த்திசையில் துணிந்து சென்றது 'வெர்சு'. 'தி சிம்ஸ் 3' விளையாட்டின் செயற்கை அறிவுப் பகுதியில் பணியாற்றிய ரிச்சர்ட் எவன்ஸும், ஊடாடும் புனைகதையின் முதன்மை எழுத்தாளர்களில் ஒருவரான எமிலி ஷார்ட்டும் சேர்ந்து கட்டி, லிண்டன் லேப் மூலம் 2013இல் ஐபேடுக்குக் கொண்டுவந்த கதைப்பொறி அது. அதில் ஒவ்வொரு பாத்திரமும் தானாக முடிவெடுக்கும். விருந்து, அறிமுகம், உரையாடல் போன்ற சமூக வழக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி விதித்தொகுப்பு. அந்த இடத்தில் எது முறை, எது முறைகேடு என்பதைப் பாத்திரங்கள் அறிந்திருக்கும். முறை தவறியவரைப் பற்றிய தங்கள் எண்ணத்தையும் மாற்றிக்கொள்ளும். காலின்ஸ் பெண் கேட்கும் காட்சியை எடுத்துக்கொண்டு ஷார்ட் செய்த சிறுகதையும் அதில் இருந்தது. மறுப்பைக் காதில் வாங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஓர் ஆணிடம் எப்படி மறுப்பது என்பதே அதன் ஆட்டம். ஆஸ்டினின் உலகை இவ்வளவு நெருங்கிய கணினி முயற்சிகள் மிகக் குறைவு. 2014 பிப்ரவரியிலேயே லிண்டன் லேப் இத்திட்டத்தைக் கைவிட்டது.

முன்பு லிண்டன் லேப்பில் பணியாற்றிய ஜூடி டைரர் 'எவர், ஜேன்' என்ற பலர் ஆடும் இணைய விளையாட்டுக்காக 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு லட்சம் டாலர் கேட்டார். அதற்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. இதில் போர்க்களம் கிடையாது, விருந்து மேசை உண்டு. வாளுக்குப் பதில் வம்புப் பேச்சு. ஒருவரைப் பற்றி அலர் தூற்றினால் அவருடைய மதிப்பு சரியும். பொய் என்று அம்பலமானால் தூற்றியவருக்கே சேதம். ஊர் வாயை ஆட்டத்தின் ஆயுதமாக்கியது கூர்மையான யோசனை. எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியா விக்கம் என்பவனோடு ஓடிப்போனதும் அக்காமார் நால்வரின் வாழ்வும் ஆட்டங்காண்கிறதே, அந்தக் கூட்டுப் பழியின் கணக்கை மற்ற விளையாட்டுகள் அரிதாகவே தொட்டிருக்கின்றன. ஆனால் பலர் ஆடும் உலகை உயிரோடு வைத்திருக்க ஆளும் பணமும் இடைவிடாது வேண்டும். 2020இல் அது மூடப்பட்டது.

இவற்றுக்குப் பிறகு வந்ததில் நிலைத்து நிற்பது மறுபடியும் ஒரு மேசை விளையாட்டுதான். ஆஸ்திரேலியாவின் ஸ்டோரிப்ரூவர்ஸ் குழுவைச் சேர்ந்த ஹேலி கார்டனும் வீ ஹெண்ட்ரோவும் 2018இல் கொண்டுவந்த 'குட் சொசைட்டி'யில் பகடையே இல்லை. இன்னொருவருடைய பாத்திரத்துக்கு ஏதாவது நிகழ வேண்டும் என்றால் ஒரு வில்லையை நீட்டிக் கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் ஏற்கலாம், பேரம் பேசலாம், மறுக்கலாம். மற்றொரு வில்லையைக் கொடுத்தால் அந்தப் பாத்திரம் தன் மனத்துக்குள் ஓடுவதை அப்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியே மரியாதைச் சொல், உள்ளே கொதிப்பு என்று ஆஸ்டினின் உரைநடை இரண்டடுக்காக ஓடும். அதை விளையாட்டு மொழிக்குக் கொண்டுவந்ததில் இந்த வில்லைக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியவில்லை.

பட்டறையில் எழும் சிக்கல்கள்

இன்று இத்தகைய விளையாட்டைத் தனியாளாகவோ சிறு குழுவாகவோ செய்ய முனைபவருக்குக் கருவிப் பஞ்சம் இல்லை. 2004இல் டாம் ராத்தமெல் வெளியிட்ட ரென்பை இலவசம். படக்கதை விளையாட்டுகளில் கணிசமானவை அதில்தான் செய்யப்படுகின்றன. ட்வைன், இங்க் ஆகியவையும் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. மூலநூலுக்கு உரிமத்தொகை கிடையாது. ஆஸ்டின் 1817இலேயே இறந்துவிட்டார். ஹியூ தாம்சன் 1894இலும் சி. இ. பிராக் 1895இலும் நாவலுக்கு வரைந்த கோட்டோவியங்களும் பொதுச்சொத்தே.

கவனம் தேவைப்படுவது திரைத் தழுவல்களிடம். டார்சி ஏரியில் குதிப்பது 1995 பிபிசி தொடருக்காக ஆண்ட்ரூ டேவிஸ் எழுதிச் சேர்த்தது. கொட்டும் மழையில் காதலைச் சொல்வது 2005இல் ஜோ ரைட் எடுத்த படத்தில் வருவது. நாவலில் அந்தக் காட்சி ஹன்ஸ்ஃபோர்டில் காலின்ஸின் வீட்டுக்குள் நடக்கிறது. பின்னணியில் மழையை வரைகிற ஓவியர் ஆஸ்டினிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. அடுத்தவர் சொத்திலிருந்து எடுக்கிறார்.

அடுத்தது கிளைகளின் பெருக்கம். ஒவ்வொன்றிலும் இரண்டு வழி என்று பத்துத் தெரிவுகளை வைத்து, எதையும் மீண்டும் இணைக்காமல் விட்டால் 1,024 முடிவுகள் எழுத வேண்டியிருக்கும். அதனால் கிளைகளைப் பிரித்துவிட்டுச் சில நிகழ்ச்சிகளில் எல்லாரையும் மறுபடி ஒன்றுசேர்ப்பதே தொழில் வழக்கம். இதற்கு ஆஸ்டினின் கட்டுமானம் வாகாக அமைந்திருக்கிறது. மெரிடன் நடனம், நெதர்ஃபீல்டு விருந்து, ஹன்ஸ்ஃபோர்டு, பெம்பர்லி என ஒரு சில கூடல்கள். நடுவே கடிதங்களும் நடைகளும். கூடல்கள் மாறாமல் நிற்கட்டும்; அங்கே வரும்போது யாருக்கு என்ன தெரியும் என்பது மட்டும் மாறட்டும். மறுப்புக்குப் பின் டார்சி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அவனுடைய பெம்பர்லி மாளிகைக்குள் நுழையும் எலிசபெத்தும் அதைப் படிக்காமல் கிழித்தெறிந்த எலிசபெத்தும் ஒரே மாளிகையை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள்.

அன்பைக் காட்டும் அளவுகோலுக்கு மாற்று என்ன என்பதற்கும் நாவலிலேயே விடை இருக்கிறது. எலிசபெத்தின் அக்கா ஜேனை விரும்பியவன் கேரலைனின் சகோதரன் பிங்லி. மாதக்கணக்கான பிரிவுக்குப் பின் எலிசபெத்தைச் சந்திக்கும் அவன், கடைசியாக நெதர்ஃபீல்டில் எல்லாரும் சேர்ந்து ஆடியது நவம்பர் 26 என்று தேதியோடு சொல்கிறான். ஜேனை அவன் மறக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். திரையின் மூலையில் இதயக்குறி நிரம்புவதைக் காட்டுவதற்குப் பதிலாக, ஆட்டக்காரரின் பழைய செயல் ஒன்றைப் பாத்திரத்தின் வாயில் வரவழைத்தால் போதும். நிரலில் அது ஒரே ஒரு மாறி.

பின்னோக்கிப் போகும் வசதி இன்னொரு தலைவலி. ரென்பையில் சுட்டியின் சக்கரத்தைத் திருப்பினால் சொன்ன சொல் சொல்லாததாகிவிடும். ஆட்டக்காரருக்கு அது சௌகரியம். மறுப்புக்கோ அதனால் கனமே இல்லாமல் போகிறது. நெதர்ஃபீல்டில் காலின்ஸோடு மீண்டும் ஆட எலிசபெத் இணங்குவதில்லை. அவரோ அவள் பக்கத்தைவிட்டு நகராமல் நின்று, மற்றவர்களோடு ஆடவும் முடியாதபடி செய்துவிடுகிறார். மறுத்ததன் விலையை அந்த இரவு முழுதும் அவள் செலுத்துகிறாள். அதை ஒரு விரலசைவில் அழிக்க விட்டால் ஆஸ்டினே அழிந்துபோகிறார். குறிப்பிட்ட இடத்துக்குப் பின் திரும்ப முடியாதபடி தடுக்கும் கட்டளை ரென்பையிலேயே உண்டு. பெண் கேட்கும் காட்சிகளில் மட்டுமாவது அதைப் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது, டார்சி நல்லவன் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும் என்பது. தப்புக்கணக்கைப் பற்றிய கதையில் விடை தெரிந்த ஆட்டக்காரர் எப்படித் தப்புக்கணக்குப் போடுவார்? பெயர்களை மாற்றிப் புது ஊர் படைப்பது ஒரு வழி. வேறொரு பாத்திரத்தின் கண்ணை ஆட்டக்காரருக்குக் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டாவதில் இன்னும் யாரும் முழுமையாகத் தொடாத நிலம் நிறைய இருக்கிறது. சார்லட்டின் கதை அதில் முதலிடத்தில் நிற்கிறது.

எஞ்சியிருப்பது

இடம், காலம், ஊடகம் மாறினாலும் ஆஸ்டின் தாங்குவார் என்பதைத் தமிழ்ப் பார்வையாளருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி'யைச் செட்டிநாட்டில் வைத்து ராஜீவ் மேனன் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' 2000இலேயே வந்துவிட்டது. சொத்து வேறு கைக்குப் போய்த் தாயும் பெண்களும் வீடிழப்பது எந்த ஊரிலும் புரிகிற கதை. ஊடாடும் வடிவம் இதோடு புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பார்வையாளரின் கையில் முடிவு.

அந்த முடிவு என்ன என்பதில்தான் இதுவரை வந்த முயற்சிகள் பிரிகின்றன. யாரை மணக்கலாம் என்று மட்டும் கேட்டவை பொழுதுபோக்காக நின்றன. மறுத்தால் என்ன ஆகும், அதைத் தாங்குவாயா என்று கேட்டவை, சீட்டுக்கட்டாக இருந்தாலும் வில்லையாக இருந்தாலும், ஆஸ்டினின் அருகே வந்தன. காலின்ஸை மணப்பதைத் 'தோல்வி முடிவு' என்று திரையில் எழுதிவிட்டு நகரும் விளையாட்டு சார்லட்டைப் படிக்கவே இல்லை. அவளுடைய சம்மதத்தையும் எலிசபெத்தின் மறுப்பையும் ஒரே தராசில் நிறுத்தி, இரண்டுக்கும் உரிய விலையை ஆட்டக்காரரிடம் வசூலிக்கும் விளையாட்டு இன்னும் வந்தாக வேண்டும். அதற்கான விதிகள் தனித்தனியாக வெவ்வேறு ஆட்டங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகிறவருக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாது, நாவலை நிதானமாகப் படிக்கும் பொறுமை தேவைப்படும்.