ஏழு மெகாஹெர்ட்ஸ் மாலைகள்

ஹாம் ரேடியோ என்ற அமெச்சூர் வானொலியைப் பழக விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த செட் வாங்கலாம்?" என்றுதான். அந்தப் பேச்சைச் சில மாதங்கள் தள்ளிவைக்கச் சொல்வேன். சிற்றலையில் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சைக் கேட்கக்கூடிய ஒரு ரிசீவரும் மொட்டைமாடியில் இழுத்துக் கட்ட ஒரு கம்பியும் இருந்தால் போதும். அதுவும் இல்லையா? நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் ரிசீவரை இணையம் வழியே உங்கள் கணினியிலிருந்தே திருப்பிக் கேட்கலாம். இந்தக் கலையின் சுவை முழுவதும் காதில்தான் ஊறுகிறது. அலையில் பேசுகிறவர்கள் ஏராளம். கேட்டுப் பழகியவர் மைக்கைப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாலை ஆறரைக்கு 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வாருங்கள். ஹாம்கள் 40 மீட்டர் பேண்ட் என்பார்கள். முதலில் வெறும் இரைச்சல்: பக்கத்து வீட்டு எல்இடி விளக்கின் முனகல், இன்வெர்ட்டரின் ரீங்காரம், எங்கோ தொலைவில் இறங்கும் மின்னலின் படபடப்பு. குமிழை மெதுவாகத் திருப்பினால் சொல் பிரியாத ஒரு கீச்சுக்குரல். எஸ்எஸ்பி முறையில் ஊர்தி அலையை அடக்கிவிட்டு, இரண்டு பக்கப்பட்டைகளில் ஒன்றை மட்டும் அனுப்புகிறார்கள். விடுபட்ட ஊர்தி அலையை ரிசீவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். அது நூறு ஹெர்ட்ஸ் விலகினாலும் குரல் கோணிவிடும். விரல் நுனியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிறீர்கள். கீச்சு இறங்குகிறது, இறங்குகிறது, சட்டென்று ஒரு மனிதர் பேசுகிறார். வயதானவர், கொஞ்சம் மூச்சு வாங்குகிறார், கொங்குத் தமிழ். எத்தனை ஆண்டுகள் கேட்டாலும் எனக்கு அந்தக் கணம் சலித்ததில்லை.

அடுத்துப் பழக வேண்டியது வானத்தை. பகலில் சூரிய ஒளியால் அயனிமண்டலத்தில் உருவாகும் டி அடுக்கு, 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். பேச்சு சில நூறு கிலோமீட்டருக்குள் நிற்கும். சென்னை, மதுரை, கொச்சி, பெங்களூர்க்காரர்கள் காலை நேரத்தில் இந்த பேண்டில் கூடுவது இதனால்தான். பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு கரைகிறது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எஃப் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் ஜப்பானையும் ஐரோப்பாவையும் கொண்டுவருகின்றன. இரவு ஏற ஏற, காலையில் பளிச்சென்று கேட்ட பக்கத்து மாவட்டத்துக்காரர் அடியோடு மறைந்துபோவதும் உண்டு. அவருடைய அலை உங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போகிறது. இந்த விசித்திரத்தைக் காதால் உணர்ந்த பிறகுதான் பாடப்புத்தகத்துப் படம் புரியும்.

நம் தென்கோடிக்காரர்களுக்கு இதில் தனி அதிர்ஷ்டம். பூமியின் காந்த நடுக்கோடு அருகிலேயே செல்கிறது. 1963-இல் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டதற்கும், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். சில நாட்களில் சூரியன் மறைந்தபின் இங்கே அயனிமண்டலம் கலங்குகிறது. தொலைதூரக் குரல்கள் படபடவென நடுங்கி வருகின்றன. அந்த நடுக்கத்தைக் கேட்டு, மேலே என்ன நடக்கிறது என்று சொல்லும் காதுகள் உண்டு. எனக்கு அவர்கள்மேல் பொறாமைகூட உண்டு.

அபூர்வமான தீவிலிருந்து ஒருவர் அழைத்தால், நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பதில் கத்துவார்கள். 'பைல்-அப்' என்று பெயர். தேர்ந்தவர் அப்போது வாயைத் திறப்பதில்லை. அந்த ஆபரேட்டர் எந்த அலைவரிசையில் காது வைத்திருக்கிறார், மேலே நகர்கிறாரா, யாருக்குப் பதில் சொன்னார் என்று கவனித்து, இடைவெளி பார்த்துத் தன் அடையாளக் குறியான கால் சைனை ஒரே ஒரு முறை சொல்வார். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து ஒலிபரப்பியபோது உலகம் அப்படித்தான் மொய்த்தது. பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து ஹாம் அலை எழுந்திருக்கவில்லை. 26-ஆம் தேதி காலை நிலம் நடுங்கியது, கடல் ஏறியது. குழு அப்படியே அவசரத் தொடர்புப் பணிக்கு மாறியது. தீவில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகள் அந்த அலைகள் வழியே கரைக்குப் போயின. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெயரை எழுத்துப் பிசகாமல் எடுத்தெழுதும் பழக்கம் அன்று எவ்வளவு பெரிய உதவி!

மோர்ஸைப் பலரும் தாண்டிப்போகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புள்ளியும் கோடுமாகத் தாளில் எழுதி மனப்பாடம் செய்வதால்தான் அது கசக்கிறது. மிருதங்கம் பழகும் பிள்ளை முதலில் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதுபோல, இதையும் ஓசையாகவே ஏற்ற வேண்டும். எல்லாரையும் அழைக்கும் சி, க்யூ: டா-டி-டா-டிட், டா-டா-டி-டா. ஒரு 'டா' மூன்று 'டிட்' நீளம். எழுத்துக்கு எழுத்து மூன்று, சொல்லுக்குச் சொல் ஏழு. இந்தக் கணக்கு ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு கைக்கும் ஒரு நடை வந்துவிடுகிறது. கால் சைன் வருவதற்கு முன்பே ஆளைச் சொல்லிவிடலாம். குரல் மூழ்கிப்போகும் இரைச்சலில்கூட ஐந்து வாட் மோர்ஸ் மெல்லிய ஊசியாக மேலே வரும்.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக: தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு, பன்னிரண்டு வயது நிறைந்தால் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு அடிப்படை மின்னணுவியலும் விதிகளும். ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸும். முன்னதற்கு வியூ3, பின்னதற்கு வியூ2 என்று கால் சைன் தொடங்கும்.

இனி செட். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸை, வாங்காவிட்டாலும் அதன் சர்க்யூட் படத்தையாவது பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்கள், கணினிப் பலகைகளில் வரும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள், தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றிய சுருள். கேட்கும்போது ஒரு திசையில் ஓடும் அதே பாதை, பேசும்போது எதிர்த்திசையில் ஓடுகிறது. பாதி உதிரிபாகம் மிச்சம். ஆறு வாட்டுக்கு இவ்வளவு அழகான சிக்கனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் படத்தை எல்லாருக்கும் திறந்து கொடுத்ததால் உலகெங்கும் மேசைகளில் சால்டரிங் அயர்ன் சூடேறியது.

ஆன்டெனாவுக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1-க்கு இருபது மீட்டர் சொச்சம். பக்கத்துக்குப் பத்து, நடுவில் கோஆக்சியல் கேபிள். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, கம்பி பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவைப் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். செட்டில் போடும் பணத்தில் பாதியைக் கம்பியை உயரே ஏற்றுவதில் போடுவதே புத்திசாலித்தனம்.

முதல் தொடர்புக்குத் தொலைதேசம் வேண்டாம், தமிழ் பேசும் காலை நெட், அதாவது அலையில் கூடும் கூட்டு உரையாடல், போதும். இருவர் பேச்சு முடியும் இடைவெளியில் கால் சைனைச் சொல்லுங்கள். "வாங்க ஓ.எம்., புதுசா?" என்று யாராவது ஒரு பெரியவர் கூப்பிடுவார். உங்கள் சிக்னலுக்கு மரியாதைக்காக ஐந்து-ஒன்பது என்று நல்ல மதிப்பெண் கொடுப்பார். அதோடு விடாமல், "சார், ஆடியோ எங்கே பிசிறுகிறது?" என்று கேளுங்கள். மைக் கெயினைக் குறைக்கச் சொல்வார், கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்று விசாரிப்பார், நாளைக்கு மாற்றிக் கட்டிவிட்டு இதே நேரத்தில் வரச் சொல்வார்.