காகங்கள் ஏன் தாக்கின?

டப்னே டு மோரியேயின் ‘பறவைகள்’ கதையை வாசிப்போர் பலர் எழுப்பும் வினா ஒன்றே: காகமும் கடற்புள்ளும் கூடி மனிதரைத் தாக்கியது ஏன்? காரணம் கூறப்படாமையைக் கதையின் குறையென்பாரும் உளர். ‘ரெபேக்கா’ (1938) என்னும் காதல் மர்ம நாவலால் அவரை அறிந்தோர், இங்கும் மர்மம் அவிழுமென எதிர்பார்ப்பது இயல்பே. எனினும், இவ்வினா கதையின் உயிரைத் தொடவில்லை என்பது எமது கருத்து.

1952இல் வெளியான இக்கதையின் நாயகன் ஹொக்கன், போரில் ஊனமுற்று, ஓய்வூதியத்தோடு பண்ணை வேலையும் செய்து கோர்ன்வாலில் வாழ்பவன். அவனது எச்சரிக்கையை நகைத்து ஒதுக்கிய பண்ணைக்காரன், துப்பாக்கி இருந்தும் மாண்டு கிடக்கிறான். வீட்டினுள் இருக்குமாறு மக்களைப் பணித்த வானொலியும் மௌனமாகிறது. பலகையும் ஆணியும் கொண்டு மனைவி மக்களைக் காக்கப் போராடுபவன் அவ்வுழைப்பாளியே. போர்க்கால விமானத் தாக்குதலின் நினைவு கதையெங்கும் நிழலாடுகிறது.

ஹிட்ச்கொக் 1963இல் இதனைத் திரைப்படமாக்கியபோது களம் கலிபோர்னியாவுக்கு மாறியது; உழைப்பாளி மறைந்தான்; செல்வச் சீமாட்டி ஒருத்தியின் காதல் முன்னே வந்தது. பள்ளி முற்றத்தில் காகங்கள் திரளும் காட்சி பெரும்புகழ் பெற்றது.

அச்சத்தைச் சுவைப்பது குற்றமன்று. ஆயினும், காகம் ஏன் வந்தது எனக் கேட்கும் வாசகர், அது வந்தபோது கைவிடப்பட்டவர் யாவர் என்றும் கேட்டல் வேண்டும். அதற்கான விடை கதையிலேயே உண்டு.